போனைக் குடு, சார்ஜ் போடுவோம்

அவர் போன் போட்டு "சாப்ட்டியா ஆத்தா?" என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை தடவை கேட்கிறார் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு தடவை கேட்டால் சும்மா விசாரிக்கிறார். பேச்சுக்கு நடுவில் இன்னொரு தடவையும் கேட்டுவிட்டாரென்றால் யாரோ செத்துப்போனார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவர்கள், சென்னையில் படிப்பவர்கள், கேரளத்து எஸ்டேட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. யாரையும் பதற வைக்காமல் பக்குவமாகச் சேதி சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அவர் சித்தப்பா. அப்பாவின் சித்தி மகன். உத்தமபாளையம் தாண்டி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது என் முன்னால் அப்படிச் சொன்னால் எரிச்சல் வருகிறது. எழுந்து போய்விடுகிறேன்.

வாலிபத்தில் ஜீப் ஓட்டினவர். கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை அடைத்துக்கொண்டு தினமும் கம்பம்மெட்டு ஏறி இறங்கினவர். அங்கே பிடித்துக்கொண்டு வந்த ஒரு மலையாளச் சொல் கடைசிவரை அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. "சாரமில்ல." பரவாயில்லை, விடு என்று பொருள். டயர் வெடித்தாலும் சாரமில்ல. மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாலும் சாரமில்ல. திராட்சை பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக அழுகினாலும் சாரமில்ல. அழுகினது அவருடைய பந்தலாக இருந்தாலும் அதையேதான் சொன்னார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஜீப்பை விட்ட பிறகு பழைய கார் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்றார். கம்பம் பள்ளத்தாக்கில் முதன்முதலாகச் சின்னக் கார் வாங்க ஆசைப்பட்ட வாத்தியார்கள், மளிகைக் கடைக்காரர்கள், பேங்க் வேலைக்காரர்கள் பாதிப் பேர் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். வண்டியைச் சுற்றி வருவார். கதவைத் திறந்து மூடிக் காதை வைத்துக் கேட்பார். பின்கதவு ரப்பரைத் தூக்கி, அடிபட்டு ஒட்டுப்போட்ட தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் பார்த்துவிட்டு, வாங்க வந்தவருடைய முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். அந்தக் கடைசிப் பார்வையில்தான் எல்லாம் கெட்டுப்போகும்.

கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் மகளுக்காகச் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார் பார்த்தார். அந்தப் பெண் காலேஜில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். எங்கோ பலமாக அடிபட்டுத் தட்டி நிமிர்த்திய வண்டி அது. சித்தப்பாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் பாய் கேட்டபோது, "கலரு நல்லா எடுப்பா இருக்கு பாய்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில் அந்தப் பெண் தன் பிள்ளைகளோடு போகும்போது குமுளி மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டது. சேதி கேட்டு இவர் ஓடினார். மழையில் நனைந்துகொண்டே கயிறு கட்டி இழுத்து வந்தார். பாய் கேட்டிருக்கிறார்: "தெரிஞ்சிருந்தும் ஏங்க சொல்லல?"

"ஒங்க மக சாவிய வாங்கினப்ப சிரிச்சுச்சு பாருங்க பாய். அந்தச் சிரிப்புக்கு முன்னால எப்படிச் சொல்றது?"

பாய் அவரை மன்னித்துவிட்டார். பிறகும் ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து சித்தப்பா வீட்டுக்கு பிரியாணி வந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் அவரை மன்னித்தார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். ஒருவராவது பிடித்து நன்றாகத் திட்டியிருந்தால் மனுசன் திருந்தியிருப்பார்.

வண்டிக்கே இப்படி என்றால் சாவுக்கு எப்படியிருக்கும்? எங்கள் பக்கத்தில் செத்தவரைச் செத்தார் என்று போனில் சொல்லும் வழக்கம் கிடையாது. "கொஞ்சம் சீரியஸா இருக்காக, ஒடனே கெளம்பி வா" என்பார்கள். வெளியூரில் ஒற்றையாக இருக்கும் பிள்ளை அழுதுகொண்டே பஸ் ஏறி ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற எண்ணம். கேட்கிற பிள்ளைக்கும் புரிந்துவிடும். புரியாததுபோல் கிளம்பி வரும். இந்த நாடகத்தில் ஊரே நடிகர்கள். சித்தப்பா மட்டும் அதை ஒரு ஊழியம் போலச் செய்தார்.

தேனி பஸ் ஸ்டாண்டில் தன் வெள்ளைக் காரோடு நிற்பார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளையின் பையை வாங்கிக்கொள்வார். வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக, "போனைக் குடு தம்பி, சார்ஜ் போடுவோம்" என்று கையை நீட்டுவார். போன் அவர் சீட்டுக்கு அடியில் போய்விடும். ஊரில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் அதற்குள் செத்தவர் படத்துக்கு மாலை போட்டு 'ஆழ்ந்த இரங்கல்' என்று எல்லாக் குரூப்புக்கும் அனுப்பியிருப்பார்கள் அல்லவா, அதற்காக. சின்னமனூரில் நிறுத்தி டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். வேண்டாமென்றால் விடமாட்டார். "அழுகுறதுக்கும் தெம்பு வேணும்ல" என்று ஒரு தடவை என்னிடம் விளக்கம் சொன்னார். வழியெல்லாம் கார் கதைதான். எந்த வண்டி மைலேஜ் தரும், எதில் ஏசி போட்டால் மேடேறாது என்று பேசிக்கொண்டே வருவார். ஊர் எல்லையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தால், வண்டி தாண்டும்வரை அதைச் சுருட்டி வைக்கச் சொல்லிப் பையன்களுக்கு முன்கூட்டியே உத்தரவு போயிருக்கும். மாதா கோயிலில் துக்க மணி அடிக்கக்கூட விடமாட்டார். "மகன் சின்னமனூர் தாண்டிட்டான், செத்த பொறுங்க" என்று உபதேசியாருக்குப் போன் போட்டுவிடுவார். உபதேசியாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்களிடம் எங்கள் ஊர் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.

என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்துபோய் பஸ் படி ஏற முடியாமல் இருந்தார். மாதம் ஒரு தடவையாவது ஊருக்கு வந்து அவரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு நாலு இடம் சுற்ற வேண்டும் என்பதற்காகத்தான் நான் சின்னக் கார் ஒன்று வாங்க முடிவு செய்தேன். தினமும் சாயங்காலம் போனில் அதே பேச்சுதான். "தாழ்வா இருக்க வண்டி வேணாம் பாப்பா. உக்காந்தா எந்திரிக்க முடியணும்ல" என்பார். நான் கியர் இல்லாத வண்டி என்பேன். "அதெல்லாம் ஒரு வண்டியா?" என்பார். வெள்ளை வேண்டாம், அது சித்தப்பா வண்டி மாதிரி இருக்கும் என்பேன். சிரிப்பார். ஒரு புதன்கிழமை இதே பேச்சின் நடுவில் எங்கள் பள்ளி ஹாஸ்டல் பிள்ளைகள் வந்து கூப்பிட்டதால், "நாளைக்குப் பேசுறேம்ப்பா" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் சித்தப்பா பேசினார். "சாப்ட்டியா ஆத்தா?"

"சாப்ட்டேன் சித்தப்பா. என்ன?"

"ஒண்ணுமில்ல. அண்ணனுக்கு லேசாக் காய்ச்சல். தேனியில ஒரு ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துறாக. சாரமில்ல. நீ சனிக்கெழம லீவுதான? அப்ப வா. டாக்டர் ஒருத்தர் ஓட்டுன வண்டி வந்திருக்கு. ஒனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"அப்பாட்ட குடுங்க."

"தூங்குறாக."

நான் காத்திருந்தேன். இரண்டாவது தடவை சாப்ட்டியா என்று கேட்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. நிம்மதியாகப் போனை வைத்தேன். அன்று சாயங்காலமும் வெள்ளிக்கிழமையும் அப்பா நம்பரில் கூப்பிட்டபோது சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே போன்தான். சித்தப்பாவிடம் கேட்டேன். சார்ஜ் இல்லை என்றார். அப்பாவின் போன் அப்போது அவர் சட்டைப்பையில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் பழநி வழியாக வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். என்னென்ன கேட்டு வண்டியைப் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். தேனியில் இறங்கினேன். சித்தப்பா என் பையை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறினேன். அவர் என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார்.

"போனைக் குடு ஆத்தா, சார்ஜ் போடுவோம்."

நான் கொடுக்கவில்லை. "அப்பா எப்ப செத்தாக?" என்று கேட்டேன். அவர் கியரை மாற்றினார். வீரபாண்டி தாண்டும்வரை நான் அழவில்லை. சின்னமனூரில் டீக்கடை முன்னால் பழக்கதோஷத்தில் வண்டியை ஓரங்கட்டினார். "நிறுத்துனீகன்னா எறங்கி நடந்தே போயிருவேன்" என்று கத்தினேன். அந்த மாதிரி நான் அதுவரை யாரிடமும் கத்தியதில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் அவரை ஊரோடு சேர்ந்து மன்னித்திருப்பேன். வீட்டுக்குள் போனதும் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டி இம்புட்டு நேரம்? ரெண்டு நாளா எங்கனடி இருந்தே?" என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது. வியாழக்கிழமையே டாக்டர் கையை விரித்துவிட்டார். மகளை வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். "நான் சொல்லிக்கிறேன்" என்று சித்தப்பா பொறுப்பெடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை அப்பாவுக்கு நினைவு இருந்திருக்கிறது. மூச்சு வாங்க வாங்கப் பேசியிருக்கிறார். பாப்பா எங்கே, பாப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வத்தலக்குண்டு வந்திருச்சுண்ணே", "பெரியகுளம் தாண்டிருச்சுண்ணே", "தேனி பஸ் ஸ்டாண்டுல எறங்கிருச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் கோயம்புத்தூரில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். என் அப்பா வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே செத்தார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் திரும்பியதும் அவரைப் பிடித்தேன். உறவுக்காரர்கள் இருந்தார்கள். நான் கவலைப்படவில்லை.

"உசிரோட இருந்தப்பவே ஏன் சித்தப்பா சொல்லல?"

"என்னன்னு ஆத்தா சொல்லுவேன்? சீரியஸா இருக்காகன்னு சொன்னா செத்துட்டாகன்னுதான நெனப்பே? அழுதுக்கிட்டே ஒத்தையில பஸ் ஏறுவே."

"உசிரோடதான் இருக்காக, வான்னு சொல்லிருக்கலாம்ல?"

"நான் சொன்னா யார் நம்புவா?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது என்று நினைக்கிறேன். ஊரிலுள்ள செத்தவர்களையெல்லாம் சீரியஸ் என்று சொல்லிச் சொல்லியே, உண்மையில் சீரியஸாகக் கிடந்த தன் அண்ணனுக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

"அப்பா காதுல போனை வச்சிருந்தா நம்பியிருப்பேன்."

"மூச்சு எரைக்குது ஆத்தா. அந்தச் சத்தத்த நீ எதுக்குக் கேக்கணும்?"

"அது எங்கப்பா மூச்சு. கேக்கணுமா வேண்டாமான்னு நீங்க யாரு சொல்ல?"

அவர் வாயைத் திறந்தார். சாரமில்ல என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். சத்தியமாக அடித்திருப்பேன். நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டார். டாக்டர் ஓட்டிய வண்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதையும் அன்றைக்கே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு அவரோடு பேச்சு இல்லை. கார் வாங்கினேன், அவரைக் கேட்காமல். முன் சீட்டு உயரமாக இருக்கும் வண்டியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அதில் அம்மா உட்கார்ந்து வருகிறாள். அம்மாவே என்னிடம் பலதடவை சொல்லிப் பார்த்தாள். "அவுக கெட்ட எண்ணத்துல செய்யலடி. அப்பா சிரிச்ச மொகமாத்தான் போனாக." எனக்கு அந்தச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை. நல்ல எண்ணத்தில் செய்தால் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா?

சில வருஷம் கழித்து, போன ஆகஸ்டில் சித்தி போன் செய்தாள். சித்தப்பாவை மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, என்னையேதான் பார்க்க வேண்டுமென்கிறார் என்றாள். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். வார்டு வாசலில் சித்தி என்னை நிறுத்தி, காதோடு காதாகச் சொன்னாள். கணையத்தில் புற்றுநோய். முற்றிவிட்டது, கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்கிறார் டாக்டர். சித்தப்பாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறோம். துபாயில் இருக்கும் மகனுக்கும் அதுவேதான். "நீ பாட்டுக்கு ஏதும் சொல்லிப்புடாத ஆத்தா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதியாக இளைத்துப் போயிருந்தார். சித்தியை டீ வாங்க அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் அல்சருங்கிறாக. போன் கேட்டா சார்ஜ் இல்லங்கிறாக. எனக்கே படம் காட்டுறாக. நீ பொய் சொல்ல மாட்டே. என்னான்னு சொல்லு."

சொன்னேன். உறுப்பின் பெயரைச் சொன்னேன், நோயின் பெயரைச் சொன்னேன், கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். கொஞ்சமும் மெதுவாகச் சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டார். "கோவமாச் சொல்றியே ஆத்தா."

"கோவம்தான் சித்தப்பா. இன்னும் போகல."

தலையை ஆட்டினார். "அவனுக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான லீவு" என்றார். பிறகு, "நீ போன் போடு. நீ சொன்னா நம்புவான்" என்றார்.

போட்டேன். என் குரலைக் கேட்டதுமே தம்பி பதறிவிட்டான். "அக்கா, எதையும் மறைக்காதீக. அப்பா போயிட்டாகளா?"

"இல்லடா. உசிரோட இருக்காக. ஆனா ரொம்ப நாள் தாங்காது. இப்பவே கெளம்பு."

"இப்படித்தானக்கா எல்லாருக்கும் சொல்லுவாக" என்று அழ ஆரம்பித்தான். நான் சொல்லியும் நம்பவில்லை. அவன் வளர்ந்த வீடு அப்படி. போனைச் சித்தப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஏலே" என்றார். "ஒண்ணுமில்லடா..."

"சித்தப்பா!" என்று அதட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முடியலடா. நான் சாகப் போறேன். எனக்குப் பயமா இருக்கு. வந்துரு."

இவ்வளவுதான். நாலே வாக்கியம். வானம் இடிந்து விழவில்லை. தம்பிக்கு நெஞ்சு வெடிக்கவில்லை. "இந்தா வாரேம்ப்பா" என்று மட்டும் சொன்னான். இதை என் அப்பாவுக்காகச் சொல்ல இந்த மனுசனால் முடியாமல் போயிற்றே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி இரண்டாம் நாளே வந்து சேர்ந்தான். மதுரை விமான நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். எங்கேயும் நிறுத்தவில்லை. அவன் உள்ளே போனான், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ஏதோ பெரிதாகப் பேசுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றுமில்லை.

"ரூமுல ஏசி இருக்காடா?"

"இருக்குப்பா. அஞ்சு பேருக்கு ஒண்ணு."

"அங்கனயெல்லாம் என்ன கார் ஓட்டுறாக? சின்ன வண்டி இருக்கா?"

"எவன்ப்பா சின்ன வண்டி ஓட்டுறான் அங்க? எல்லாம் கப்பல் மாதிரி."

"பெட்ரோலு சல்லிசு. அதான்."

சித்தப்பா சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். அவனும் சிரித்தான். அந்த உப்புப் பெறாத பேச்சு சாயங்காலம்வரை நீண்டது. என் அப்பா கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஒன்றரை நாளில் எனக்கும் அவருக்கும் சேர வேண்டியிருந்தது இதுதான். எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தினேன். எவ்வளவு மெதுவாகச் சாத்த நினைத்தும் அது அறைந்துதான் மூடியது.